நாலாம் தொட்டியில் பூவன்பழ வாசம்

மருதாத்தாள் ஒரு சொட்டு பீர் குடித்தவளில்லை. ஆனாலும் அந்த எல்லையோர பீர்க் கம்பெனியில், கண்ணைக் கட்டிவிட்டாலும் இது லாகர் கிடக்கும் தொட்டி, இது ஸ்டவுட் கிடக்கும் தொட்டி என்று சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் பீர் காய்ச்சுவதைப் படித்துவிட்டு வந்த மாஸ்டர் மரியஜோசப். இன்னொருத்தி, அவருடைய ஈஸ்ட் டப்பாக்களைக் கழுவிய இவள்.

பிறந்தது பெருமாட்டியில், கடலைக்காய் விளைந்த வீட்டில். வாழ்க்கைப்பட்டது அங்கிருந்து எட்டு மைல் தள்ளி, அர்த்தநாரிக்கு. மூன்று ஏக்கர் பூமி, ஒரு கிணறு, நாற்பது தென்னை. எழுபத்தொன்றில் அந்தப் பூமிக்குக் கிழக்கே கம்பெனி வந்தது. வந்ததும் தண்ணீருக்காக ஆழக் குழாய் இறக்கினார்கள். மறு வருசம் அர்த்தநாரியின் கிணற்றில் பாறை தெரிந்தது. குழாயால் வற்றியதா, மழை பொய்த்து வற்றியதா என்று தீர்த்துச் சொல்ல ஆளில்லை. ஊரார் நாலு பேர் போய்ச் சத்தம் போட்டதில், கிணறு வற்றிய வீட்டுக்கு ஒரு ஆள் வீதம் வேலை தருவதாக மேனேஜர் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

“என்ற தண்ணியக் குடிச்சவங்கிட்ட நானே கூலிக்குப் போறதா? செத்தாலும் போகமாட்டேன்” என்றான் அர்த்தநாரி.

“நீங்க போக வேண்டாங்க, நாம் போறேன். தென்னைக்கு ரோசத்தை ஊத்துனாக் காய்க்குமுங்களா?” என்றாள் மருதாத்தாள்.

அப்படித்தான் அவள் ஈஸ்ட் வைக்கும் குளிர் அறைக்குள் போனாள். வெளியே கணவாய்க் காற்று புழுதியை வாரி அடிக்கும். உள்ளே எப்போதும் ஒன்பது டிகிரி. சேலைக்கு மேல் அர்த்தநாரியின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, நாளுக்கு எட்டு மணி நேரம் டப்பா கழுவுவாள். சோடாக்காரம் கரைத்த வெந்நீரில் ஒரு தரம், வெறும் வெந்நீரில் இரண்டு தரம், பிறகு நீராவி, பிறகு கவிழ்த்து வைத்தல். காய்ந்ததும் மூடி போட்டு அலமாரியில் ஏற்ற வேண்டும். மூடி போட்டிருந்தால் சுத்தமான டப்பா என்று அர்த்தம். இந்த மூடிக் கணக்கை அவளே ஏற்படுத்தினாள். மாஸ்டருக்கு அது பிடித்துப்போய் எல்லோருக்கும் சட்டமாக்கினார்.

பீரைப் பற்றி அவளை உட்கார வைத்து யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கழுவுகிறவளுக்கு எது எதில் ஒட்டும், எது எதில் ஒட்டாது என்பது மூன்று வருசத்தில் தானாகத் தெரிந்துவிடுகிறது.

முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்துத் தித்திப்புத் தண்ணீராக இறுப்பார்கள். அதில் கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்க வைத்து ஆற்றுவார்கள். அதுவரை எல்லாம் அடுப்பு வேலைதான். ஈஸ்ட் விழுந்த பிறகே அது பீராகத் தொடங்கும், எந்த பீர் என்பதும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகும். லாகருக்கு உள்ள ஈஸ்ட் குளிரில் வேலை செய்யும். அவசரப்படாது. பத்து நாள் மெல்லப் புளிக்க வைத்துவிட்டு, தொட்டியின் அடியில் அரைத்த சந்தனம் போலப் படிந்து கிடக்கும். பில்ஸ்னருக்கும் அதே ஈஸ்ட்தான். பார்லி இன்னும் வெளுப்பாக இருக்கும், கசப்புப் பூ கொஞ்சம் கூடும், அவ்வளவுதான் வித்தியாசம். ஸ்டவுட்டின் சாதி வேறு. அதற்குக் காப்பிக்கொட்டை போலக் கருக வறுத்த பார்லி சேரும். அதன் ஈஸ்டுக்குக் குளிர் ஆகாது. இருபது டிகிரியில் நாலே நாளில் வேலையை முடித்துக்கொண்டு, பால் பொங்குவது போல மேலே ஏறி நிற்கும். அதைக் கரண்டியால் மேலாக வழித்தெடுக்க வேண்டும். கழுவுகிறவர்கள் இரண்டுக்கும் வெள்ளை, கருப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். டப்பாக்களிலும் வெள்ளைப் பட்டை, கருப்புப் பட்டை அடித்திருந்தது.

வாசமும் வேறு. வெள்ளை காய்ந்த வைக்கோல் போல மணக்கும். கருப்பு, தார் பழுத்து இரண்டு நாள் ஆன பூவன்பழம். இன்னொரு வித்தியாசத்தை அவள் ஒரு சித்திரை வெயிலில் கண்டாள். தித்திப்புத் தண்ணீர் மிச்சத்தோடு இரண்டு டப்பாக்களை வெளியே மறந்துவிட்டிருந்தாள். வெள்ளை வெயிலில் அசையாமல் கிடந்தது. கருப்பு, நுரைத்து மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வழிந்தது.

“அக்காளுக்கு மூக்கு முன்னால போகுது, காலு பின்னால வருது” என்பாள் கூட வேலை செய்த முத்தாத்தாள். “இந்த மூக்கோட எங்க மாமனாரூட்டுல இருந்திருந்தீன்னா, அந்த மனுசன் கள்ளுக்கடை தெருப்பக்கம் போயிட்டு வந்ததுகூடத் தெரிஞ்சிருக்கும்.”

“அதுக்கு மூக்கு எதுக்குடி? அவுரு நடந்து வர்றதைப் பாத்தாப் பத்தாதா?”

இத்தனை கவனமுள்ளவளிடம் ஒரே ஒரு பழக்கம் கம்பெனிக்கு ஒவ்வாததாக இருந்தது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்து விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் எந்தப் பாத்திரத்தையும் துடைத்துக் காலி செய்யமாட்டாள். வீட்டில் ராகிக் குதிரில் ஒரு கை, தயிர்ச் சட்டியில் ஒரு கரண்டி மிச்சம் இருக்க வேண்டும். பெருமாட்டியில் அப்படித்தான் வளர்ந்தாள். கம்பெனியில் வெள்ளிக்கிழமை கடைசி டப்பாவை நாலு மணிக்கு முன்பே கழுவி முடித்துவிடுவாள், பழக்கமும் பிசகாது, வேலையும் பிசகாது.

எழுபத்தைந்தாம் வருசம் மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அது பிசகியது.

வெயில் காலத்தில் ஸ்டவுட் விலை போகாது. மழை பிடிக்கும் வரை கருப்பு வேண்டாம், இருக்கிற ஈஸ்டை எல்லாம் கொட்டிவிடுங்கள் என்று மாஸ்டர் சொல்லியனுப்பியபோது மணி ஐந்தரை. மூன்று டப்பாக்களைச் சாக்கடையில் கொட்டினாள். நாலாவதைக் கையில் எடுக்கும்போது, வெளியே மேற்கே வெயில் இறங்கி, வாசல்காரன் கேட்டுக்கு அருகில் இருந்த பிள்ளையாருக்கு விளக்கு வைப்பது தெரிந்தது. உயிருள்ள வஸ்து, வெள்ளிக்கிழமை, அதிலும் இதுதான் கடைசி. பெரும்பகுதியைக் கொட்டிவிட்டு, அடியில் ஒரு கரண்டியளவு விட்டாள். காலையில் வந்ததும் முதல் வேலையாகக் கழுவிவிடலாம் என்று நினைத்தாள். தூசி விழாமல் இருக்க மூடியைப் போட்டு அலமாரி ஓரத்தில் வைத்தாள்.

சனிக்கிழமை அவள் வரவில்லை. பெருமாட்டியில் அண்ணன் மகள் வயசுக்கு வந்துவிட்டாள், சீர் என்று ராத்திரியே ஆள் வந்திருந்தது. போகாமல் இருக்க முடியாது. ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலை தூக்கக் கலக்கத்தோடு குளிர் அறைக்குள் நுழைந்தபோது, இரண்டாம் தொட்டியிலிருந்து வெள்ளை ஈஸ்ட் அள்ளிக்கொண்டிருந்தார்கள். மூன்று டப்பா நிறைந்து இன்னும் மிச்சம். “அக்கா, இன்னொரு டப்பா!” என்று கத்தினாள் முத்தாத்தாள். வெள்ளைப் பட்டை டப்பா இல்லை. மருதாத்தாள் அலமாரி ஓரத்திலிருந்து கருப்புப் பட்டை டப்பா ஒன்றை எடுத்து, மூடியைத் திறந்த கையோடு தொட்டிக்கடியில் நீட்டினாள். மூடி போட்டிருந்தால் சுத்தம். அவள் உள்ளே பார்க்கவில்லை. அந்த டப்பாதான் நாலாம் தொட்டிக்குப் போனது.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம், கரண்ட் போனது. ஐந்து மணி நேரம் வரவில்லை. குளிர் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் பிச்சைமணி. பீர்மேட்டுத் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, அங்கே எஞ்சின் வேலை பழகி, மலையிறங்கி வந்தவன். வந்து எட்டு மாதம், இன்னும் நிரந்தரமாகவில்லை. மனைவி மூக்கம்மாளும் கைக்குழந்தையும் கம்பெனிக் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். மருதாத்தாள் குளிர் தாங்காமல் வெளியே வரும்போதெல்லாம் பால் சேராத தன் கட்டன்சாயாவில் பாதியை ஊற்றித் தருகிறவன் அவன்தான். அன்று அரை மணிக்கு ஒரு தரம் தொட்டிகளின் சூட்டைப் பார்த்து எழுதி வைத்தான். அதிகபட்சமாக ஏறியது பதினைந்து டிகிரிதான்.

மறுநாள் புதன்கிழமை, மாஸ்டர் மரியஜோசப் நாலாம் தொட்டியிலிருந்து ஒரு கிளாஸ் பிடித்து வாயில் வைத்தவர், அப்படியே துப்பினார். கிளாஸை மேனேஜரிடம் நீட்டினார். மேனேஜர் பிச்சைமணியின் ரிஜிஸ்தரைக் கொண்டுவரச் சொன்னார்.

மருதாத்தாளுக்கு யாரும் கிளாஸ் நீட்டவில்லை. அவள் வாளியோடு தொட்டிப் பக்கம் போனாள். போனவள் நின்றாள். பூவன்பழம்.

பதினைந்து டிகிரியில் லாகர் ஈஸ்ட் இந்த வாசம் விடாது. போன வைகாசியில் இதைவிட அதிக நேரம் கரண்ட் போயிற்று, அப்போதும் விடவில்லை. இது கருப்பு. குளிரில் முடங்கிக் கிடந்து, சூடு ஏறியதும் எழுந்திருக்கிறது. எப்படி வந்தது என்று யோசித்தவளுக்கு அலமாரி ஓரம் நினைவுக்கு வந்தது. வாளியைக் கீழே வைத்தாள்.

பிற்பகல் பிச்சைமணி ஈஸ்ட் அறை வாசலில் வந்து நின்றான். கையில் மெமோ.

“அக்கா, இதுல என்ன எழுதியிருக்கான் பாருங்க. சூட்ட இருவதுக்கு மேல ஏறவிட்டுட்டு, ஏட்டுல பதினஞ்சுன்னு பொய்யா எழுதிட்டேனாம். நான் கண்ணால பாத்ததத்தானக்கா எழுதினேன்?”

“நீ பொய் எழுதமாட்டீப்பா.”

“அத நீங்க சொல்லுதீக. அவுக சொல்லணும்லா. சனிக்கெழம மத்தியானத்துக்குள்ள பதில் சொல்லணும், இல்லன்னா கணக்க முடிச்சிருவாகளாம். எஸ்டேட்டுல எங்க லயத்தையும் காலி பண்ணிட்டுல்ல வந்தோம். மேல போனா யாரு வீட்டுத் திண்டுல உக்கார?”

மருதாத்தாள் நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். “பொறு. ரெண்டு நாள் இருக்குதல்ல” என்றாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை அவள் ஒரு காரியம் செய்தாள். காலி பீர் பாட்டில் இரண்டை எடுத்துத் தன் கையால் கழுவி, நீராவி காட்டினாள். இரண்டிலும் கொதித்து ஆறிய தித்திப்புத் தண்ணீரைப் பாதி நிறைத்தாள். ஒன்றில், அந்தத் திங்கட்கிழமை இரண்டாம் தொட்டியில் முதலில் அள்ளி, நாலாம் தொட்டிக்குப் போகாமல் மிச்சமிருந்த டப்பா ஈஸ்ட் ஒரு கரண்டி. மற்றதில், நாலாம் தொட்டியின் அடியிலிருந்து ஒரு கரண்டி. கரண்டியையும் இரண்டு தரம் நீராவி காட்டித்தான் மாற்றினாள். வாயைப் பஞ்சால் அடைத்து, பாய்லர் வீட்டுச் சுவரை ஒட்டிய திட்டில், வெயிலும் அனலும் சேர்ந்து விழும் இடத்தில் வைத்தாள். வெள்ளை மட்டும் என்றால் இரண்டும் அசையாமல் கிடக்கும். கருப்பு கலந்திருந்தால் பொங்கும்.

தன் மூக்கு தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டது அந்த ஒரு நாள்தான்.

அன்று பொழுதோடு வீட்டில் அர்த்தநாரியிடம் சொன்னாள். அவன் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

“ஆராச்சும் பாத்தாங்களா?”

“இல்லீங்க.”

“அப்பறம் என்ன? வாய மூடிட்டு இரு. கெணறுதான் போச்சு, அதுக்குப் பதிலு வந்த வேலையும் போகோணுமா?”

“அந்தப் பையன் போயிருவானுங்க.”

“மலையில இருந்து வந்தவன் மலைக்குப் போவான். நாம எங்க போறது, சொல்லு? வத்துன கெணத்துக்குள்ளயா?”

அவள் சோற்றுச் சட்டியை மூடி வைத்தாள். பிறகு அவனே, சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டு, “கைக்கொழந்தையா அவனுக்கு?” என்று கேட்டான்.

“ஏழு மாசமுங்க.”

அவன் கை கழுவ எழுந்து போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் திட்டில் போய்ப் பார்த்தாள். முதல் பாட்டிலில் ஈஸ்ட் அடியில் செத்தது போல வெளுத்துக் கிடந்தது. இரண்டாவதில் நுரை கழுத்துவரை ஏறி, பஞ்சு நனைந்து பாதி வெளியே வந்திருந்தது. குனிந்து மோந்து பார்க்கத் தேவையே இல்லை. இருந்தாலும் பார்த்தாள். பிறகு சாயங்காலம் வரை தன் வேலையைச் செய்தாள். நாலு மணிக்கு முன் கடைசி டப்பாவைக் கழுவினாள். ஐந்து மணிக்கு, நாளைக்காக எடுத்து வைத்த ஈஸ்டைப் பார்த்தாள். நாலாம் தொட்டி ஈஸ்ட் மூன்று டப்பா. ஐந்தாம், ஆறாம் தொட்டிகளுக்குப் போடச் சீட்டு ஒட்டியிருந்தது. புளிப்பு முடிந்த தொட்டியின் ஈஸ்டை அடுத்ததற்கு ஊற்றுவதுதான் அங்கே வழக்கம். பீர் கெட்டதற்குச் சூடு காரணம் என்று முடிவுகட்டிவிட்டதால் ஈஸ்டை யாரும் சந்தேகிக்கவில்லை.

இரண்டு பாட்டிலையும் முந்தானைக்குள் பிடித்துக்கொண்டு மாஸ்டர் அறைக்குப் போனாள்.

“என்னம்மா?” என்றார் மரியஜோசப். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், அதிர்ந்து பேசாதவர்.

“நாளைக்கு அந்த ஈஸ்டை ஊத்தாதீங்க. அதுல கருப்பு கலந்திருக்குது.”

பாட்டில்களை மேசையில் வைத்து, எதில் எது, எப்போது வைத்தது, எங்கே வைத்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் முதலில் சிரிக்கப் பார்த்தார். பிறகு பஞ்சை எடுத்து மோந்தார். பிறகு எழுந்து ஜன்னல் அருகே போய் இரண்டு பாட்டிலையும் வெளிச்சத்தில் பிடித்தார்.

“முப்பத்தேழு டிகிரியில லாகர் ஈஸ்ட் வளராது” என்றார் தனக்குத்தானே. “இந்தப் பரிசோதனை புஸ்தகத்துல இருக்கு. நானே மறந்துட்டேன். உனக்கு யார் சொன்னா?”

“வெய்யிலுங்க.”

“அப்போ பிச்சைமணி எழுதின பதினைஞ்சு சரிதான்.”

“சரிதானுங்க.”

“கருப்பு எப்படி உள்ள வந்துது?” என்றார். கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பாட்டில்களே பிச்சைமணியைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் எப்படி வந்தது என்று தெரியாவிட்டால் எல்லா டப்பாவையும் எல்லோரையும் சந்தேகிக்க வேண்டிவரும், முத்தாத்தாளையும் சேர்த்து.

“நாந்தானுங்க” என்றாள். கரண்டியளவு மிச்சம், மூடி, சனிக்கிழமைச் சீர், திங்கட்கிழமை என்று வரிசையாகச் சொன்னாள்.

“ஏம்மா மிச்சம் வச்ச?”

“வெள்ளிக்கெழமைங்க. விளக்கு வெக்கற நேரம்.”

மரியஜோசப் பாட்டில்களின் வாயை மறுபடி பஞ்சால் அடைத்தார். ஜன்னலுக்கு வெளியே அன்றும் வாசல்காரன் விளக்கு வைத்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை நாலாம் தொட்டியைத் திறந்துவிட்டார்கள். மத்தியானம் வரை சாக்கடையில் பூவன்பழ வாசம் ஓடியது. அந்த ஈஸ்ட் முழுவதையும் கொட்டி, பெங்களூரிலிருந்து புதிதாக வரவழைத்தார்கள். பிச்சைமணியின் மெமோவை மேனேஜர் கிழித்துப் போட்டார். மருதாத்தாளை வெளியே அனுப்ப வேண்டும் என்றுதான் முதலில் சொன்னாராம். கிணற்றுக்கு எழுதிக் கொடுத்த காகிதம் குறுக்கே நின்றது. இந்த மூக்கை ஈஸ்ட் அறையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று மாஸ்டர் வாதாடியதும் எடுபடவில்லை. பாட்டில் கழுவும் கொட்டகைக்கு அவளை மாற்றினார்கள்.

வேலை தப்பிய செய்தி பிச்சைமணிக்கு வந்தபோது, அவன் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தான். வெள்ளிக்கிழமை காலையே மூக்கம்மாளையும் குழந்தையையும் பாத்திரம் பண்டத்தோடு பீர்மேட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டிருந்தான். போன இடத்தில் அவள் தன் அம்மாவின் பேரில் கொழுந்து எடுக்கச் சேர்ந்துவிட்டாள். இன்னொரு தரம் மலையிறங்கி வந்து இன்னொரு மெமோவுக்குக் காத்திருக்க அவள் தயாராக இல்லை. மாதத்துக்கு ஒரு தரம் அவன் மலையேறிப் போய்வந்தான்.

ஒரு நாள் கொட்டகைப் பக்கம் வந்தான்.

“அக்கா, நீங்க சொல்லாட்டி எனக்கு வேல இல்ல. அது எனக்குத் தெரியும். மறக்கமாட்டேன்” என்றான். போக எட்டு வைத்தவன் நின்றான். “புதன்கெழமையே சொல்லியிருக்கலாம்லாக்கா?”

சோதித்துப் பார்க்காமல் எப்படிச் சொல்வது என்று அவள் சொல்லியிருப்பாள். உறுதி செய்துகொள்ளத்தான் காத்தாளா, பயந்து காத்தாளா என்பது அவளுக்கே பிரித்துத் தெரியவில்லை. எத்தனையோ வாசத்தைப் பிரித்தவளுக்கு அது மட்டும் பிடிபடவில்லை.

“சொல்லியிருக்கலாம்” என்றாள்.

அதற்குப் பிறகு அவன் சாயாவோடு வரவில்லை. கொட்டகையில் சாயா தேவையும் இல்லை. வெந்நீர் ஆவியில் எந்நேரமும் வேர்த்துக்கொண்டிருக்கும். சோடாக்கார நெடியைத் தவிர மூக்குக்கு அங்கே வேலையே கிடையாது.

ஆடியில் மழை பிடித்ததும் மறுபடி ஸ்டவுட் போட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, பொழுது சாயும் நேரம், முத்தாத்தாள் கருப்புப் பட்டை டப்பா ஒன்றைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடிவந்தாள்.

“அக்கா, கழுவிட்டேன். இருந்தாலும் ஒருக்கா மோந்து சொல்லு.”

மருதாத்தாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மூடியைத் திறந்தாள்.

“வாசம் போகுல. மறுக்காக் கழுவு.”

“வெள்ளிக்கெழமையாச்சே அக்கா, வெளக்கு வேற வெச்சுட்டாங்க. நீதான அப்பெல்லாம்...”

மருதாத்தாள் டப்பாவைப் பிடுங்கித் தன் வெந்நீரிலேயே இரண்டு தரம் கழுவினாள். நீராவிக் குழாயடியில் பிடித்தாள். பிறகு தரையில் கவிழ்த்து வைத்து, பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள், கடைசிச் சொட்டு இறங்கும்வரை.